பெங்களூரில் பழைய டீசல் கார்: யாருக்குக் கட்டுப்படியாகும்?

2012 மே மாதம் டெல்லியில் ஒரு லிட்டர் பெட்ரோல் 73 ரூபாய் 18 காசு; டீசல் 40 ரூபாய் 91 காசு. லிட்டருக்கு 32 ரூபாய் வித்தியாசம். இந்தியா டீசல் கார் மீது மோகம் கொண்ட காலம் அது. ஸ்விஃப்ட் டீசலுக்குப் பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்த ஆண்டுகளில் விற்ற புதுக் கார்களில் பாதிக்கும் மேல் டீசல். 2020-ஐத் தாண்டியதும் அந்தப் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. அன்று வரிசையில் நின்று வாங்கிய வண்டிகள்தான் இன்று இரண்டாவது, மூன்றாவது ஓனரைத் தேடிப் பழைய கார் சந்தையில் நிற்கின்றன.

தினமும் வேலைக்குப் போய்வர, கைக்கு அடக்கமான விலையில், மைலேஜ் தரும் வண்டி வேண்டும் என்பவருக்குப் பெங்களூரில் முதலில் கிடைக்கும் யோசனை, 'ஒரு பழைய டீசல் ஸ்விஃப்டைப் பிடி' என்பதுதான். யோசனை சொல்பவர் மனதில் பெரும்பாலும் 2012-ன் விலைப்பட்டியல்தான் இருக்கிறது. வண்டியை ஓட்டப்போகிறவர் கொடுக்க வேண்டியது இன்றைய விலை.

சுருங்கிப்போன இடைவெளி

டீசல் விலையை மத்திய அரசு 2013 ஜனவரியிலிருந்து மாதம் 50 காசு வீதம் ஏற்றிக்கொண்டே வந்து, 2014 அக்டோபரில் கட்டுப்பாட்டை முழுவதும் விலக்கிக்கொண்டது. பெட்ரோலுக்கு அந்த விடுதலை 2010-லேயே வந்துவிட்டது. கர்நாடக அரசு தன் பங்குக்கு 2024 ஜூனில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் 3 ரூபாயை ஒட்டிக் கூட்டியது. 2025 ஏப்ரலில் டீசலுக்கு மட்டும் இன்னொரு 2 ரூபாய். 2025-ல் பெங்களூரில் பெட்ரோல் லிட்டர் 103 ரூபாயை ஒட்டி நின்றது. டீசல் 91-ஐ ஒட்டி. இடைவெளி 12 ரூபாய்.

விலை வித்தியாசம் சுருங்கினாலும் டீசலுக்கு ஒரு இயல்பான அனுகூலம் மிச்சமிருக்கிறது. ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை அதிக ஆற்றல் உண்டு. அதோடு, பெட்ரோல் இன்ஜின் போலக் காற்று போகும் வழியை அடைத்துத் திறந்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் வேலை டீசலுக்கு இல்லை. அதனால் மெதுவாக ஊரும்போதும் சிக்னலில் நின்று உறுமும்போதும் அது குறைவாகவே குடிக்கிறது. நெரிசலில் பெட்ரோல் ஸ்விஃப்ட் லிட்டருக்கு 12 கிலோமீட்டரும் டீசல் ஸ்விஃப்ட் 16-ம் தருகின்றன என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்குப் பெட்ரோல் செலவு 8 ரூபாய் 60 காசு. டீசலுக்கு 5 ரூபாய் 70 காசு. இதே மைலேஜை 2012-ன் டெல்லி விலையில் போட்டால், பெட்ரோல் வண்டிக்காரர் 100 ரூபாய் செலவழித்த தூரத்தை டீசல்காரர் 42 ரூபாயில் கடந்தார். 2025-ன் பெங்களூர் விலையில் அதற்கு 66 ரூபாய் ஆகிறது. லாபம் இருக்கிறது, பழைய லாபம் இல்லை.

கிலோமீட்டர்தான் முதலாளி

பெங்களூரில் பயணத்தை யாரும் கிலோமீட்டரில் சொல்வதில்லை; 'ஒன்றரை மணி நேரம்' என்றுதான் சொல்வார்கள். டாம்டாம் நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இங்கே பத்து கிலோமீட்டர் கடக்கச் சராசரியாகச் சுமார் 34 நிமிடம் ஆகிறது; மணிக்கு 18 கிலோமீட்டர்கூட இல்லை. டீசல் கார் விஷயத்தில் பலர் சறுக்குவது இங்கேதான். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர், தான் நிறைய ஓட்டுவதாக நினைக்கிறார். மீட்டரைப் பார்த்தால் மாதம் 500 கிலோமீட்டர்தான் ஏறியிருக்கும்.

மூன்று பேரை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொகைகள் தோராயம், ஒவ்வொருவரும் தம் எண்களைப் போட்டுக்கொள்ளலாம். ஒரே வயது, ஒரே மாடலில் பெட்ரோலைவிட டீசல் வண்டிக்கு 50,000 ரூபாய் கூடக் கொடுப்பதாகவும் கொள்வோம்.

முதலாமவர் ஜெயநகர்க்காரர். தினம் 20 கிலோமீட்டர், மாதம் 25 நாள். ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர். முழுக்க நெரிசல் ஓட்டம் என்பதால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 90 காசு மிச்சம், ஆண்டுக்கு 17,400. டீசல் சர்வீஸுக்குக் கூடுதலாகும் ஐயாயிரம், ஆறாயிரத்தைக் கழித்தால் கையில் நிற்பது 11,000 சொச்சம். கூடுதலாகக் கொடுத்த 50,000 திரும்ப நாலரை ஆண்டு ஆகும். இடையில் ஒரு கிளட்ச் செட், ஒரு டர்போ என்று செலவு வந்துவிட்டால் அந்தக் கணக்கு ஏட்டுச் சுரைக்காய்.

இரண்டாமவர் ஓசூரில் குடியிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு வருபவர். ஒரு பக்கம் 25 கிலோமீட்டர் என்றால் ஆண்டுக்கு 15,000. பாதி நெடுஞ்சாலை, பாதி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா நெரிசல். கிலோமீட்டருக்கு இரண்டேகால் ரூபாய் போல மிஞ்சினால் 33,000 ரூபாய். சர்வீஸ் போக 27,000. இரண்டு ஆண்டுக்குள் முதல் திரும்பிவிடும். ஓசூர்க்காரருக்கு இன்னொரு சின்ன சௌகரியமும் உண்டு. தமிழ்நாட்டைவிடக் கர்நாடகத்தில் பெட்ரோல் விலை கூடுதல், டீசல் விலை குறைவு. டீசல் வண்டி வைத்திருப்பவர் எல்லை தாண்டி வந்து டேங்கை நிரப்பிக்கொள்ளலாம்.

மூன்றாமவர் தும்கூரிலிருந்து பீன்யா தொழிற்பேட்டைக்கு வருகிறார். ஒரு பக்கம் 60 கிலோமீட்டரை ஒட்டி, ஆண்டுக்கு 36,000. நெடுஞ்சாலையில் பெட்ரோல் 17, டீசல் 22 கிலோமீட்டர் கொடுத்தாலும் ஆண்டு மிச்சம் 69,000 ரூபாய். ஆண்டுக்கு மூன்று நான்கு சர்வீஸ் விட வேண்டியிருக்கும். அதற்குக் கூடுதலாகப் பதினைந்தாயிரம் போனாலும் ஓராண்டுக்குள் கணக்குச் சமன். இவருக்கு டீசல் வேண்டாம் என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை.

மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கீழே ஓட்டுபவர் டீசல் பக்கம் போகாமலிருப்பது நல்லது. ஆயிரத்துக்கும் ஆயிரத்தைந்நூறுக்கும் இடையில் இருப்பவருக்கு வண்டியின் கண்டிஷன்தான் தீர்ப்புச் சொல்லும். அதற்கு மேல் போனால் டீசலே சிக்கனம்.

எந்த இன்ஜின்?

பழைய டீசல் கார் வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது இன்ஜினைத்தான். இந்தியச் சந்தையில் அந்தப் பட்டியலின் தலையில் இருப்பது ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட். 1,248 சி.சி., நான்கு சிலிண்டர், டைமிங் செயின். ஃபியட் இதை ரஞ்சன்காவிலும், சுஸுகி தன் மானேசர் ஆலையிலும் தயாரித்தன. 2007 தொடக்கத்தில் ஸ்விஃப்டில் வந்த இதே இன்ஜின் டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸா என மாருதியின் வரிசை முழுக்கப் போனது. டாடாவின் இண்டிகா விஸ்டா, மான்சா, ஜெஸ்ட், ஃபியட்டின் புன்டோ, லீனியா, செவ்ரோலேயின் செயில், என்ஜாய் ஆகியவற்றிலும் இருந்தது இதுதான். நாட்டின் தேசிய டீசல் இன்ஜின் என்று கேலியும் பாராட்டுமாக இதற்குப் பெயர் வந்தது.

இத்தனை வண்டிகளில் ஓடியதன் பலன் இன்று பழைய வண்டி வாங்குகிறவருக்குக் கிடைக்கிறது. ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளில் இதற்கான சாமான் எப்போதும் இருக்கும். சிவாஜிநகரில் கழற்றிப்போட்ட பழைய பாகமும் கிடைக்கும். தெருமுனை மெக்கானிக்குக்கும் இந்த இன்ஜின் அத்துப்படி. குறைகளும் ஊரறிந்தவை. சுமார் 3 லிட்டர் ஆயிலை மட்டும் நம்பி ஓடுவதால், ஆயில் மாற்றத் தவறிய ஓனரிடமிருந்து வந்த வண்டியில் செயின் சத்தம் கேட்கும். டர்போ பிடிக்கும்வரை, அதாவது 2,000 சுற்றுக்குக் கீழே, வண்டி மந்தமாக இழுக்கும். பம்பரோடு பம்பர் உரசும் சில்க் போர்டு சந்திப்பில் அதைச் சமாளிக்க கிளட்சை அரைகுறையாக மிதித்தே ஓட்டுவார்கள். கிளட்ச் பிளேட் தேய்வதற்கு அதுவே காரணம். சிறிய வண்டிகளில் வந்த 75 குதிரைத்திறன் வடிவத்தில் டர்போ எளிமையானது. 90 குதிரைத்திறன் வடிவத்தில் இறக்கைகள் அசையும் டர்போ. பழுதானால் செலவும் அதிகம்.

அடுத்தது டொயோட்டா எட்டியோஸும் லிவாவும். பெங்களூருக்குப் பக்கத்திலேயே, பிடதி ஆலையில் பிறந்த வண்டிகள். 1.4 லிட்டர் டி-4டி இன்ஜின் அலங்காரமில்லாதது, உழைப்பாளி. டாக்ஸிக்காரர்கள் இதை விரும்பி வாங்கியதே அதற்கு நற்சான்று. வாங்குகிறவருக்கு அதுவே ஆபத்தும்கூட. ஹோண்டா அமேஸின் ஒன்றரை லிட்டர் டீசல் 2013-ல் வந்தது. 100 குதிரைத்திறன், 25.8 கிலோமீட்டர் என்று சான்றிதழ். சத்தமும் அதிர்வும் அதிகம், ஆனால் இழுவையும் மைலேஜும் நன்று. ஹூண்டாய் கிராண்ட் ஐ10-ல் வந்த 1.1 லிட்டர் மூன்று சிலிண்டர் டீசல் நகரத்துக்கு இதமானது. ஃபோர்டு ஃபிகோவின் ஒன்றரை லிட்டர் டீசல் ஓட்டுவதற்கு இவற்றில் சுவையானது. ஆனால் டைமிங் பெல்ட்டை உரிய காலத்தில் மாற்றியாக வேண்டும். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்ததால் விலையும் இறங்கியிருக்கிறது.

விலை மிக மலிவாக இருக்கிறதே என்று கை நீட்டக்கூடாத சிலவும் உண்டு. 2015-ல் வந்த செலேரியோ டீசல் 793 சி.சி., இரண்டே சிலிண்டர், 27.62 கிலோமீட்டர் மைலேஜ் என்று விளம்பரம். ஈராண்டுக்குள் மாருதி அதை நிறுத்திக்கொண்டது. அந்த இன்ஜின் அதற்குப் பிறகு ஓடியது சூப்பர் கேரி குட்டி லாரியில்தான். செவ்ரோலே பீட் டீசலும் லட்சம் ரூபாய்க்கு வரலாம். அந்த நிறுவனம் 2017 முடிவோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோக்ஸ்வாகன் போலோ டீசல் வாங்குபவர், புகை மோசடி அம்பலமான பின் 2015 டிசம்பரில் இந்தியாவில் 3.23 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதாக அக்குழுமம் அறிவித்ததையும், தாம் பார்க்கும் வண்டிக்கு அந்த வேலை நடந்திருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பி.எஸ்.-4, பி.எஸ்.-6

2020 ஏப்ரல் 1-ஆம் தேதி பி.எஸ்.-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. சின்ன டீசல் இன்ஜினை அந்த விதிக்கு ஏற்ப மாற்றும் செலவு வண்டி விலையையே தின்றுவிடும் என்று மாருதி டீசலைக் கைவிட்டது. ரெனோ, நிஸ்ஸான், ஃபோக்ஸ்வாகன், டொயோட்டாவின் எட்டியோஸ் எல்லாம் அதே வழி. சாலையில் ஓட்டிச் சோதிக்கும் கடுமையான விதி 2023-ல் வந்தபோது ஹோண்டாவும் டீசலை முடித்துக்கொண்டது. இன்று புதிதாக வாங்கக் கிடைக்கும் ஒரே டீசல் ஹேட்ச்பேக் டாடா ஆல்ட்ரோஸ்.

ஆக, மலிவு விலைப் பழைய டீசல் என்றாலே பெரும்பாலும் பி.எஸ்.-4 வண்டிதான். பெங்களூரு உள்ளிட்ட பதின்மூன்று நகரங்களுக்கு அந்த விதி 2010-லேயே வந்துவிட்டதால், உள்ளூரில் பதிவான வண்டிகளில் அதற்குமுன் வந்த பி.எஸ்.-3 அரிதாகிவிட்டது.

நெரிசலில் மட்டுமே ஓடப்போகும் வண்டிக்குப் பி.எஸ்.-6 டீசலைவிடப் பி.எஸ்.-4 தொந்தரவு குறைவு. பி.எஸ்.-6 வண்டியின் புகைக்குழாயில் கரித்தூளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரி எரிந்து தீர, வண்டி அவ்வப்போது இருபது நிமிடமாவது ஒரே சீரான வேகத்தில் ஓட வேண்டும். வீட்டிலிருந்து அலுவலகம்வரை இரண்டாம் கியருக்கு மேல் போடவே வழியில்லாதவருக்கு அந்த இருபது நிமிடம் கிடைக்காது. எரிப்பு பாதியில் நிற்கும். எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறும். இப்படி ஏறிய வண்டியைக் கண்டால் விலகிவிடுவதே நல்லது. எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம், நைஸ் ரோடு, தும்கூர் நெடுஞ்சாலை என்று தினமும் சீராக ஓடுபவருக்கு இந்தப் பிரச்சினை எழாது.

பி.எஸ்.-4 வாங்குவதில் வேறொரு கணக்கும் உண்டு. அதைப் பணத்தில் போட முடியாது. பி.எஸ்.-4 டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் வரை நுண்துகள் விடலாம், பி.எஸ்.-6-ல் அது நான்கரை மில்லிகிராம். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் வகைப்படுத்தியது. ஹாம்பர்க் நகரம் 2018-ல் இரண்டு சாலைகளில் பழைய டீசலுக்குத் தடை போட்டது. டெல்லியில் பத்து வயது தாண்டிய டீசல் ஓடக்கூடாது என்று 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொல்ல, 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025-ல் அது மறுபடி உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. கர்நாடகத்தில் அப்படி ஒரு வயது வரம்பு இல்லை. பதினைந்து ஆண்டு முடிந்ததும் எஃப்.சி. எடுத்துப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2015-ல் பதிவான வண்டியை வாங்குபவர் 2030-ல் அந்தச் செலவையும் அலைச்சலையும் எதிர்பார்க்க வேண்டும்.

எங்கிருந்து வந்த வண்டி?

டெல்லியின் பத்தாண்டு விதியால் அங்கே நல்ல நிலையிலிருந்த டீசல்கள் அடிமாட்டு விலைக்குப் போயின. அவற்றைத் தெற்கே கொண்டுவந்து விற்பது தனித் தொழிலே ஆனது. பெங்களூரில் பழைய கார் விலை டெல்லியைவிட உயர்வாக இருப்பதற்கு ஒரு காரணம் கர்நாடகத்தின் ஆயுள் வரி. வண்டி விலையைப் பொறுத்து அது 13 சதவீதத்தில் தொடங்கி 18 வரை போகிறது. உள்ளூர்ப் பதிவுள்ள வண்டியின் விலைக்குள் அந்த வரியும் அடக்கம். டெல்லி வண்டியை வாங்குபவர், வயதுக்கேற்பக் கழித்த வரியை இங்கே புதிதாகக் கட்ட வேண்டும், அங்கிருந்து என்.ஓ.சி.யும் வாங்கியாக வேண்டும். இரண்டையும் சேர்த்தபின் மிச்சம் எவ்வளவு என்று பார்த்துவிட்டே பேரத்தில் இறங்க வேண்டும். டி.என்.-70 எண்ணோடு ஓசூரில் வாங்கி, கர்நாடகத்திலேயே நிரந்தரமாக நிறுத்தி ஓட்ட நினைப்பவருக்கும் இதே விதி. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வண்டிக்கு அங்கே புது எண் வாங்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு.

அடுத்த சந்தேகம் டாக்ஸி. கெம்பேகவுடா விமான நிலையம் நகரத்தைவிட்டு முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பதால் இங்கே டாக்ஸிகள் கொடூரமாக ஓடுகின்றன. மஞ்சள் பலகையைக் கழற்றி வெள்ளையாக்கிச் சொந்தக் காராக விற்பது வரி கட்டினால் சட்டப்படி முடியும். அதை மறைத்து விற்பதுதான் மோசடி. டிசையரும் எட்டியோஸும் பார்க்கிறவர்கள் ஆர்.டி.ஓ.வில் பி எக்ஸ்ட்ராக்ட் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். பதிவேட்டின் நகல் அது; வண்டி எந்த வகையில் பதிவானது, எத்தனை கை மாறியது, எந்த நிதி நிறுவனத்திடம் அடகில் இருந்தது எல்லாம் அதில் தெரிந்துவிடும்.

மூன்றாவது, தண்ணீர். 2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர், யமலூர், வெளிவட்டச் சாலைப் பகுதிகளில் வீட்டு வாசலில் நின்ற கார்கள் முழுகின. அப்படிப்பட்ட வண்டிகள் கழுவித் துடைத்துச் சந்தைக்கு வரும். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் தண்டவாளத்தில் துரு, கார்பெட்டுக்கு அடியில் மண்படிவு, சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் கடைசி அடியில் கறை. இம்மூன்றில் ஒன்று தெரிந்தாலும் போதும். தண்ணீரில் நின்றபடி ஸ்டார்ட் செய்த டீசலில் கனெக்டிங் ராடு வளைந்திருக்கவும் கூடும்.

ஒரு காலை நேரம் போதும்

வண்டியைப் பார்க்கக் காலையில் போக வேண்டும். முன்கூட்டி ஸ்டார்ட் செய்து வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டும் போக வேண்டும். போனதும் பானட்டின் மேல் கை வைத்தால், முன்பே ஓடவிட்டிருந்தால் சூடு காட்டிக்கொடுத்துவிடும். குளிர்ந்த டீசல் சாவியைத் திருப்பிய ஒன்றிரண்டு விநாடிக்குள் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் நிமிடம் லேசான புகை பரவாயில்லை. நீலப் புகை தொடர்ந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளை நிற்காவிட்டால் இன்ஜெக்டரோ ஹெட்டோ சந்தேகம். மிதிக்கும்போதெல்லாம் கரும்புகை என்றால் இன்ஜெக்டர், ஏர் ஃபில்டர், ஈ.ஜி.ஆர். மூன்றையும் பார்க்க வேண்டும்.

இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி, எடுக்காமல் அப்படியே தளர்வாக விட வேண்டும். மூடி அமைதியாக இருந்தால் நல்லது. துள்ளிக் குதித்து, உள்ளிருந்து புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. இன்ஜின் வேலை காத்திருக்கிறது. அடுத்தது கிளட்ச். சமதரையில் நான்காம் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரை ஒரேயடியாக மிதித்தால், சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாமலிருந்தால் பிளேட் போய்விட்டது.

இவ்வளவும் தேறினால் ஒரு பம்ப் கடைக்குக் கொண்டுபோகும்படி கேட்கலாம். பெங்களூரில் டீசல் பம்ப் வேலைக்கு நல்ல ஆட்கள் கிடைப்பதில் வியப்பில்லை. இன்று பாஷ் என்று அழைக்கப்படும் மைகோ 1951-ல் தொடங்கி, ஆடுகோடியில் எரிபொருள் பம்ப் தயாரித்துவந்த ஊர் இது, பி.டி.எம். பக்கம் மைகோ லேஅவுட் என்று ஒரு குடியிருப்பே அதன் பேரில் இருக்கிறது. அங்கே லீக்-ஆஃப் டெஸ்ட் என்ற எளிய சோதனை செய்வார்கள். நான்கு இன்ஜெக்டர்களின் திரும்பு குழாய்களிலும் நான்கு சிறு பாட்டில்களை மாட்டி, இன்ஜினைச் சில நிமிடம் ஓட விடுவார்கள். நான்கிலும் டீசல் ஏறக்குறைய ஒரே அளவு ஏற வேண்டும். ஒரு பாட்டில் மட்டும் கிடுகிடுவென்று நிரம்பினால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டது. பேரத்தில் எவ்வளவு குறைக்கலாம் என்பதற்குக் கண்ணுக்கு முன்னால் சாட்சி.

மீட்டர் காட்டும் கிலோமீட்டரை நம்ப வேண்டியதில்லை. திருப்பிவைப்பது சுலபம். ஸ்டீயரிங் தோலின் பளபளப்பு, பிரேக் மிதிப்பலகை ரப்பரின் தேய்மானம், கம்பெனி சர்வீஸ் பதிவு ஆகியவை பொய் சொல்வது கடினம். பத்து வயது டீசல் 40,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்றால் அது பொய்யாக இருக்கலாம். உண்மையாகவே இருந்தாலும், நெரிசலில் ஊர்ந்தும் சும்மா நின்றும் கெட்ட வண்டியாக இருக்கலாம். ஒழுங்காகச் சர்வீஸ் செய்து நெடுஞ்சாலையில் லட்சத்து இருபதாயிரம் ஓடிய வண்டி அதைவிட மேல்.

டீசலுக்கு வெளியே

கணக்கு ஒத்துவராதவர்களுக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. சி.என்.ஜி. கிலோ 90 ரூபாயை ஒட்டி விற்கும் நகரத்தில், கிலோவுக்கு 22 கிலோமீட்டர் தரும் பழைய வேகன் ஆர் கிலோமீட்டருக்கு நான்கு ரூபாய் சொச்சத்தில் ஓடும். பின்பக்கச் சாமான் இடம் போய்விடும். பங்கில் வரிசையில் நிற்க வேண்டும். பழைய பெட்ரோல் காரைப் பற்றி இப்போது சொல்லப்படும் குறை, பெட்ரோலில் கலக்கும் இருபது சதவீத எத்தனால். அதற்கென்று வடிவமைக்காத வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 6 சதவீதம் குறையலாம் என்று 2025-ல் பெட்ரோலிய அமைச்சகமே ஒப்புக்கொண்டது. இருந்தாலும் ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டும் ஜெயநகர்க்காரருக்கு அதனால் ஆகும் கூடுதல் செலவு இரண்டாயிரம், மூவாயிரம்தான். ஆயிரம் சி.சி.க்குக் கீழான பெட்ரோல் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு 2,094 ரூபாய்; மல்டிஜெட் டீசல் வரும் பிரிவில் அது 3,416.

2025 செப்டம்பர் 22-ல் சிறிய புதுக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியதும் பழைய கார் பேரத்தை மாற்றிவிட்டது. எஸ்-பிரெஸ்ஸோவின் ஆரம்ப விலை மூன்றரை லட்சத்துக்கு வந்தபிறகு, பத்து வயது டீசல் ஸ்விஃப்டுக்கு மூன்றரை லட்சம் கேட்பவர் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதே 2025-ல் பழைய கார் வியாபாரிகளின் லாபத்தின் மீதான ஜி.எஸ்.டி.யும் எல்லா வண்டிகளுக்கும் 18 சதவீதமானது. தனிநபரிடம் தனிநபர் வாங்கினால் அது இல்லை.

இதையெல்லாம் பார்த்தபிறகும் டீசல்தான் என்று தீர்மானித்தவர், பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு அடகு, இன்சூரன்ஸ், கறுப்புப் பட்டியல் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். போக்குவரத்துப் போலீஸின் அபராத பாக்கியும் முக்கியம். பெங்களூரில் அந்த பாக்கி குவிந்து கிடந்ததால்தான் 2023 பிப்ரவரியிலும் 2025 ஆகஸ்ட், செப்டம்பரிலும் பாதித் தள்ளுபடி அறிவித்து வசூலித்தார்கள். கடன் முடிந்த வண்டியாக இருந்தால் வங்கியின் கடிதத்தோடு 35-ஆம் படிவம். பெயர் மாற்றத்துக்கு 29, 30. விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் வாங்குபவருக்கு வராது. பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றப் பதினான்கு நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆர்.சி.யில் பெயர் மாறும்வரை பணத்தில் ஒரு பகுதியைக் கையில் நிறுத்திவைப்பது பெங்களூர்ச் சந்தையில் பழகிப்போன ஏற்பாடு. அதற்கு ஒத்துக்கொள்ளாத புரோக்கரிடம் எவ்வளவு நல்ல மல்டிஜெட் இருந்தாலும், அதே இன்ஜினோடு அதே விலைக்கு இன்னொன்று அடுத்த தெருவில் நிற்கும்.